ஒப்பில்லாதவனை அழைக்கும் பெயர்கள்

இறைவன் ஒருவன் என்பது, அவன் எவரிடத்தும் தேவையற்றவன் என்பது, பெற்றோர் பிள்ளை என்ற உறவுகளுக்கு அவன் அப்பாற்பட்டவன் என்பது, அவனுக்கு நிகர் எதுவும் இல்லை என்பது: இஸ்லாத்தின் இறைக்கொள்கை இந்த நான்கில் அடங்கும். குர்ஆனின் 112ஆம் அத்தியாயமான இக்லாஸ் நான்கே சிறு வசனங்களில் இவற்றைச் சொல்லி முடித்துவிடுகிறது. குர்ஆனின் மூன்றில் ஒரு பங்குக்கு இது ஈடானது என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் உண்டு. சட்டம், வரலாறு, இறைவனைப் பற்றிய அறிவு என்று குர்ஆனின் பொருளை மூன்றாகப் பகுத்தால், மூன்றாவது முழுவதும் இங்கே திரண்டிருக்கிறது என்று விரிவுரையாளர்கள் இதற்கு விளக்கம் தந்தார்கள். இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாவில் ஓதக் கற்கும் பிள்ளைகள் முதலில் மனனம் செய்யும் அத்தியாயங்களில் இதுவும் ஒன்று. பொருள் புரியும் வயதுக்கு முன்பே இது நாவில் பழகிவிடுகிறது.

ஒருமை என்று இங்கே சொல்லப்படுவது எண்ணிக்கையில் ஒன்று என்பதோடு நிற்பதில்லை. மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் அதை மூன்று நிலைகளில் வைத்துப் பேசுவார்கள். இறைவனின் தாத், அதாவது உள்ளமை, பகுதிகள் சேர்ந்து உண்டானது அன்று. அதைப் போன்ற இன்னோர் உள்ளமையும் இல்லை. அவனுடைய ஸிஃபத்துகள், அதாவது தன்மைகள், வேறு எவருக்கும் அந்த வகையில் இல்லை. அவனுடைய செயலில் பங்காளி இல்லை. இல்லாத ஒன்றை உண்டாக்குவது அவன் ஒருவனுக்கே உரியது. இந்த மூன்றில் எதிலேனும் மற்றொருவரைச் சேர்ப்பது ஷிர்க். மன்னிப்புக் கோராமல் அந்நிலையிலேயே ஒருவர் இறந்தால் மன்னிக்கப்படாத பாவம் அது ஒன்றே என்று குர்ஆன் சொல்லும் அளவுக்கு இதில் இஸ்லாம் கண்டிப்பானது.

குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தில் 11ஆம் வசனம் இரண்டு கூறுகளை உடையது. முதற்கூறு இறைவனைப் போன்றது எதுவுமே இல்லை என்று மறுக்கிறது. அடுத்த மூச்சிலேயே அவன் கேட்பவன், பார்ப்பவன் என்று இரண்டாம் கூறு உறுதி செய்கிறது. கேட்பதும் பார்ப்பதும் மனிதர் நன்றாக அறிந்த காரியங்கள். எதனோடும் ஒப்பிட முடியாதவனை, ஏன் மனிதர் அறிந்த சொற்களாலேயே விவரிக்க வேண்டும்? ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இஸ்லாமிய இறையியல் எழுதியவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு வசனத்தின் இரு கூறுகளையும் ஒன்றையொன்று விழுங்காமல் காக்கும் முயற்சிதான். முதற்கூறை மட்டும் பிடித்துக்கொண்டால் இறைவன் யாரும் அழைக்க முடியாத வெறும் கருத்தாகிவிடுவான். இரண்டாம் கூறை மட்டும் பிடித்தால் பெரிய அளவிலான ஒரு மனிதனாகிவிடுவான். முதல் பிழைக்குத் தஃதீல் என்றும் இரண்டாவதற்குத் தஷ்பீஹ் என்றும் அகீதா எனும் நம்பிக்கைக் கோட்பாட்டு நூல்கள் பெயரிட்டு, இரண்டையும் ஒரே அளவு கடுமையோடு விலக்குகின்றன.

பள்ளிவாசலுக்குள் உருவம் இல்லாததற்கும் காரணம் இதுவே. திசை காட்டும் மிஹ்ராபு இருக்கும், எழுத்து இருக்கலாம், உருவம் இருக்காது. தொழுகிறவர் திரும்பி நிற்கும் கஅபாவும் இறைவன் குடியிருக்கும் இடமாகக் கருதப்படுவதில்லை. அவன் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அரபியின் ‘ஹுவ’வும் தமிழின் ‘அவன்’னும் மொழியின் தேவைக்காக நிற்பவை.

ஒப்பில்லாதவனை மனிதர் அணுகும் வழியாகக் குர்ஆன் காட்டுவது பெயர்களை. அழகிய பெயர்கள் அவனுக்கு உள்ளன, அவற்றைக் கொண்டு அவனை அழையுங்கள் என்பது 7ஆம் அத்தியாயத்தின் 180ஆம் வசனக் கருத்து. அஸ்மாவுல் ஹுஸ்னா என்று வழங்கும் இந்தத் திருநாமங்கள் 99 என்ற எண்ணிக்கை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ள ஹதீஸிலிருந்து வருகிறது. நாம் கேட்கும் புகழ்பெற்ற பட்டியலோ திர்மிதீயின் தொகுப்பில் உள்ளது. 99 என்பது வரம்பு இல்லை, இறைவனுக்கு மனிதர் அறியாத பெயர்களும் உண்டு என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ரஹ்மான், ரஹீம் என்ற இரண்டும் எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கின்றன. குர்ஆனின் 114 அத்தியாயங்களில் 113 இவ்விரு பெயர்களோடுதான் தொடங்குகின்றன. ஜப்பார், கஹ்ஹார் போன்ற அடக்கி ஆளும் பெயர்களும் பட்டியலில் உண்டு. வதூத், லத்தீஃப், கஃபூர் போன்ற அன்பின் பெயர்களும் உண்டு. முன்னவை ஜலால், மாட்சிமை. பின்னவை ஜமால், பேரழகு. முஸ்லிமின் மனநிலை இவ்விரண்டுக்கும் நடுவே, அச்சத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவே நிற்க வேண்டும் என்பார்கள்.

இந்தப் பெயர்கள் நூலோடு நின்றுவிடவில்லை. தஸ்பீஹ் மணி உருட்டுகிறவரின் விரலில், வீட்டுச் சுவரில் மாட்டிய சட்டத்தில், பிள்ளைக்கு வைக்கும் பெயரில் அவை வாழ்கின்றன. அப்துல் ரகுமான், அப்துல் ரசாக், அப்துல் காதர் என்று வட சென்னைத் தெருக்களில் கூப்பிடப்படும் ஒவ்வொரு பெயரும் அருளாளனின் அடியான், உணவளிப்பவனின் அடியான், ஆற்றல் மிக்கவனின் அடியான் என்று ஓர் இறைத்தன்மையின் கீழ் ஒரு மனிதனை நிறுத்துகிறது. ‘அப்துல்’லை விட்டுவிட்டு வெறும் ரகுமான் என்று ஒருவரைக் கூப்பிடுவதை ஆலிம்கள் விரும்புவதில்லை. அந்தப் பெயர் இறைவனுக்கு மட்டும் உரியது.

பெயர்களுக்கும் தன்மைகளுக்கும் உள்ளமைக்கும் என்ன உறவு என்ற கேள்வி எழுந்தபோது இஸ்லாமிய உலகம் பிளவுபட்டது. இறைவனின் அறிவு ஆதியற்றது, ஆற்றல் ஆதியற்றது, பேச்சு ஆதியற்றது என்று ஒவ்வொன்றையும் தனித்தனி உண்மைகளாகச் சொன்னால் ஆதியற்றவை பலவாகிவிடுமே, ஒருமை என்னாகும் என்று முஅதஸிலாக்கள் எனும் சிந்தனைப் பள்ளியினர் கேட்டார்கள். அவன் தன் உள்ளமையாலேயே அறிகிறான், அறிவு என்று தனியாக ஒன்று அவனிடம் இல்லை என்பது அவர்கள் விடை. அதன் தொடர்ச்சியாகக் குர்ஆன் படைக்கப்பட்டது என்றார்கள். 833இல் கலீஃபா மஅமூன் இதை அரசாங்கக் கொள்கையாக்கி, அறிஞர்களை அழைத்து விசாரித்து ஒப்புக்கொள்ள வைத்தார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் ஒப்பாமல் சிறையையும் சவுக்கடியையும் ஏற்றார். ஒருமையைக் காக்கவென்று தொடங்கிய கூட்டம் அதிகாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நம்பிக்கையாளர்களைத் துன்புறுத்தியது அந்தச் சிந்தனைப் பள்ளிக்கு நேர்ந்த தீராத களங்கம்.

முஅதஸிலாவாக வளர்ந்து பின் அதிலிருந்து விலகிய அபுல் ஹஸன் அஷ்அரீ, முஅதஸிலாக்களின் தர்க்கக் கருவிகளைக் கொண்டே எதிர்ப்பக்கம் வாதிட்டார். தன்மைகள் உண்மையானவை, அவை உள்ளமையே என்றும் சொல்லக்கூடாது, உள்ளமைக்கு வேறானவை என்றும் சொல்லக்கூடாது என்பது அவர் வழிவந்தோரின் நிலை. அதே காலத்தில் சமர்கந்தில் அபூ மன்சூர் மாதுரீதீ ஏறத்தாழ இதே பாதையில் சென்றார். உயிர், அறிவு, நாட்டம், ஆற்றல், கேள்வி, பார்வை, பேச்சு என்ற ஏழு தன்மைகளை இரு பள்ளிகளும் ஏற்றன. மாதுரீதீகள் உண்டாக்கும் செயலையும் ஆதியற்ற எட்டாவது தன்மையாக எண்ணினார்கள்.

வட ஆப்பிரிக்காவின் திலிம்சானில் வாழ்ந்து 1490இல் மறைந்த ஸனூஸீ, இந்த விவாதங்களை எல்லாம் மாணவர் மனனம் செய்யத்தக்க சிறுநூலாக்கினார். அவருடைய உம்முல் பராஹீன் இறைவனுக்குக் கட்டாயமான தன்மைகள் 20 என்று வகுக்கிறது. முதலாவது, இருத்தல். அடுத்த ஐந்து இன்னது அவனிடம் இல்லை என்று விலக்கும் வகையைச் சேர்ந்தவை: தொடக்கமின்மை, முடிவின்மை, படைப்புகளுக்கு ஒவ்வாமை, தானே நிற்றல், ஒருமை. பிறகு முன்சொன்ன ஏழு. கடைசி ஏழு அந்த ஏழையும் உடையவனாயிருத்தல்: அறிபவன், நாடுபவன், ஆற்றலுடையவன் என்று. இந்த 20க்கும் எதிரான 20 அவனிடம் இருக்கவே முடியாதவை. படைப்பதும் படைக்காமல் விடுவதும் அவனுக்கு ஆகுமானது. எதுவும் அவன்மேல் கடமை இல்லை. கணக்குப் பாடம்போல் வறண்டதாகத் தோன்றும் இந்த அட்டவணைக்கு ஒரு மனிதாபிமானம் உண்டு. தத்துவம் கற்க வாய்ப்பில்லாத மாலுமியும் நெசவாளியும் தம் நம்பிக்கையைக் காரணத்தோடு அறிந்திருக்க வேண்டும் என்ற அக்கறையில் அது பிறந்தது. மலாய் உலகில் ‘இருபது ஸிஃபத்து’ என்றே அது வீட்டுப்பாடமாயிற்று.

தமிழ்க் கடற்கரைக்கு இந்தக் கல்வி வந்த வழி கடல்வழி. காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, நாகூர் என நீளும் கரையோர முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபு எனும் சட்டப் பள்ளியைச் சேர்ந்தவர்கள். அகீதாவில் அஷ்அரீ வழியினர். அரபுக் கப்பல்களோடு வந்த மரபு அது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்காட்டு நவாபு சேப்பாக்கத்தில் குடியேறிய பின் சென்னையில் பெருகிய உருது பேசும் முஸ்லிம்கள் ஹனஃபீகள். அவர்களுடைய அகீதா மாதுரீதீ வழியது. துறைமுகத்துக்கு வடக்கே இரண்டும் அடுத்தடுத்த தெருக்களில் கலந்தன. தமிழில் முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய முஸ்லிம் இலக்கியமான வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா (1572) கேள்வியும் பதிலுமாக அமைந்த நூல். இறைவனையும் படைப்பையும் பற்றிக் கேட்டுத் தெளியும் ஆவலோடுதான் தமிழ் முஸ்லிம் இலக்கியம் நம் கைக்கு எட்டும் காலத்தில் தொடங்குகிறது என்பது நினைக்கத்தக்கது.

ஏழு தன்மைகளில் அதிகச் சிக்கலை உண்டாக்கியவை நாட்டமும் ஆற்றலும். எல்லாம் அவன் நாட்டப்படி நடக்கிறது என்றால் மனிதனின் பொறுப்பு எங்கே? மனிதன் தன் செயலைத் தானே உண்டாக்குகிறான், இல்லாவிட்டால் தண்டனை அநீதி என்றார்கள் முஅதஸிலாக்கள். உண்டாக்குவது இறைவன், ஆனால் அதை விரும்பித் தேர்ந்து தனதாக்கிக்கொள்வது மனிதன் என்றார்கள் அஷ்அரீகள். அந்தத் தனதாக்கலுக்கு கஸ்பு, சம்பாத்தியம் என்று பெயர். அஷ்அரீயின் கஸ்பைவிட நுட்பமானது என்று மிக நுணுக்கமான எதையும் சொல்லும் வழக்கே அரபியில் உண்டாகிவிட்டது. தர்க்கத்தில் இந்தக் கருத்து எவ்வளவு தாங்கும் என்பது வேறு விஷயம். வாழ்க்கையில் அது செய்யும் வேலை தெளிவானது.

எண்ணூர்க் கரையை எடுத்துக்கொண்டால் அது விளங்கும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வட சென்னை மீனவக் குப்பங்களுக்குள் புகுந்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரைக்கு வந்த கரும்படலத்தை மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிப் படகையும் வலையையும் அலையாத்தி மரங்களையும் கறுப்பாக்கியது. இம்மூன்றையும் ‘ஆண்டவன் விட்ட வழி’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட இஸ்லாமிய இறைக்கொள்கை இடம் தராது. முதலாவதில் மனிதக் கை இல்லை. அங்கே பொறுமையும், நாம் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள் என்ற நினைவும் கற்பிக்கப்படுகின்றன. துன்பம் தருபவன் என்ற திருநாமத்தைத் தனியே சொல்லாமல் பயன் தருபவன் என்ற பெயரோடு இணைத்தே சொல்ல வேண்டும் என்று ஆலிம்கள் அறிவுறுத்துவதும் இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான். ஒன்றை மட்டும் சொன்னால் இறைவனைப் பற்றிய பொய்யாகிவிடும். மற்ற இரண்டையும் குறித்துக் குர்ஆனின் 30ஆம் அத்தியாயத்தில் 41ஆம் வசனம் நேரடியாகவே பேசுகிறது எனலாம்: நிலத்திலும் கடலிலும் கேடு தோன்றுவது மனிதர்களின் கைகள் சம்பாதித்ததால் என்பது அதன் கருத்து. இறைவனின் முழு ஆற்றலை நம்புவது கழிமுகத்தைக் கெடுத்தவரின் கணக்கைத் தள்ளுபடி செய்வதாகாது. அவன் அதல், நீதியாளன், ஹஸீப், கணக்கெடுப்பவன்.

குர்ஆன் இறைவனுக்குக் கை என்றும் முகம் என்றும் சொல்கிறது, அர்ஷு எனும் அரியணையின்மீது நிலைகொண்டான் என்கிறது. முதல் தலைமுறைகளைச் சேர்ந்த பலர் எப்படி என்று கேட்காமல் அப்படியே ஏற்றார்கள். பிற்கால அஷ்அரீகள் கை என்பதை ஆற்றலாகவும் முகம் என்பதை உள்ளமையாகவும் விளக்கினார்கள். 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா, விளக்கம் சொல்லி மாற்றவும் வேண்டாம், மனிதக் கையோடு ஒப்பிடவும் வேண்டாம், சொல்லப்பட்டதை உறுதி செய்யுங்கள் என்றார். 1980களிலிருந்து தமிழகத்தில் வலுப்பெற்ற தவ்ஹீத், அதாவது இறை ஒருமைப் பிரசாரம் இந்தக் கடைசி நிலைக்கு நெருக்கமானது. பழைய மதரஸாக்கள் அஷ்அரீ, மாதுரீதீ வழியிலேயே நிற்கின்றன. இரு தரப்பும் 42:11ஐத்தான் தம் சான்றாகக் காட்டுகின்றன.

இனி, அண்மை. மனிதனின் பிடரி நரம்பைவிட அவனுக்கு அருகில் இருப்பதாக 50ஆம் அத்தியாயத்தில் இறைவன் அறிவிக்கிறான். 10ஆம் அத்தியாயத்தில் ஒரு கப்பல் காட்சி வருகிறது: நல்ல காற்றில் மகிழ்ந்து போகிறவர்களைப் புயல் சூழ்கிறது, நாற்புறமும் அலை எழும்புகிறது, அப்போது அவர்கள் வேறு எவரையும் நினைக்காமல் அவனை மட்டும் அழைக்கிறார்கள், கரையேறியதும் மறக்கிறார்கள். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் எந்தச் சமயத்தவரானாலும் அந்தக் காட்சியின் முதற்பாதியை அறிவார்கள். ஒப்பில்லாதவன் தொலைவில் இருப்பான் என்று எண்ணிய மனத்துக்கு இந்த வசனங்கள் மறுப்பு. எதைப் போலவும் இல்லாததால்தான் அவன் எதிலிருந்தும் தொலைவில் இல்லை என்ற இடத்திலிருந்து ஸூஃபிகளின் பேச்சு தொடங்குகிறது.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலீ திருநாமங்களை விளக்க ஒரு தனி நூலே எழுதினார். ஒவ்வொரு பெயரிலும் மனிதனுக்கு ஒரு பங்கு உண்டு என்பது அவருடைய முறை. உணவளிப்பவன் என்ற பெயரில் அடியானின் பங்கு, பிறர் பசி தீரக் காரணமாதல். மன்னிப்பவன் என்ற பெயரில் அவன் பங்கு, பிறர் குறையை மறைத்தல். அல்லாஹ் என்ற பெயரில் மட்டும் அப்படி எடுத்துப் பழகும் குணம் எதுவும் இல்லை. அதில் அவனுடைய பங்கு உள்ளம் முழுவதும் இறைவனிலேயே மூழ்கிப்போதல். அதே நூலில் கஸ்ஸாலீ இன்னொரு வேறுபாட்டையும் நிறுவுகிறார். இறைவனுக்குப் பெயர் சூட்டும் உரிமை மனிதனுக்கு இல்லை. பெயர் அவனே அறிவித்தால்தான் பெயர். ஆனால் அவனை விவரிப்பதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பொருள் உண்மையாகவும் குறை கற்பிக்காததாகவும் இருந்தால் விவரிக்கலாம். பாரசீகர் குதா என்றதும் தமிழ் முஸ்லிம்கள் ஆண்டவன், நாயன், இறைவன், படைத்தவன் என்றதும் இந்தக் கதவு வழியாகத்தான்.

இந்தக் கதவை வட சென்னையில் முழுக்கத் திறந்தவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதர் அவர். கீழக்கரையில் தைக்கா சாகிபு என்று போற்றப்பட்ட ஷெய்கு அப்துல் காதிரிடம் மார்க்கக் கல்வி கற்றார். மாமன் மகளோடு பேசியிருந்த திருமணத்தை விட்டுத் துறவு பூண்டு, திருச்சிராப்பள்ளியில் மௌலவி ஷாம் சாகிபிடம் தீட்சை பெற்று, காதிரிய்யா எனும் ஸூஃபி வழியில் தவமிருந்து, மலைகளிலும் காடுகளிலும் அலைந்து, கடைசியில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை இராயபுரத்துக்கு வந்து தங்கினார். தண்டையார்பேட்டையில் அடக்கமானார். தொண்டியார் வந்து தங்கியதால்தான் அந்த ஊருக்குத் தொண்டியார்பேட்டை என்று பெயர் வந்தது என மக்கள் சொல்கிறார்கள். ஆனால் 1693இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கப்பட்ட கிராமங்களிலேயே அந்த ஊர் இருக்கிறது, அவர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு. ஓர் ஊர் தன் பெயரையே அவரிடமிருந்து பெற்றதாக நம்ப விரும்பியது என்பதில்தான் அவருடைய செல்வாக்கு தெரிகிறது.

அன்றைய சென்னை இறையியலுக்குப் புதிய ஊர் இல்லை. லக்னோவின் ஃபிரங்கி மஹல் அறிஞர் குடும்பத்திலிருந்து நவாபின் அழைப்பில் வந்த பஹ்ருல் உலூம் அப்துல் அலீ 1810இல் இங்கேதான் காலமானார். ரூமியின் மஸ்னவிக்கு உரை எழுதிய அவர், உண்மையான இருத்தல் இறைவனுக்கே உண்டு, மற்றவை அவன் வெளிப்பாட்டால் நிற்பவை என்ற வஹ்தத்துல் வுஜூத் கருத்தைப் பற்றியும் எழுதினார். 1240இல் மறைந்த இப்னு அரபியின் பெயரோடு வழங்கும் கருத்து அது. படைப்பும் படைத்தவனும் ஒன்று என்று அதைத் தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்தைக் கண்ட ஷெய்கு அஹ்மத் ஸிர்ஹிந்தீ, ஞானியின் பார்வையில் ஒன்றாய்த் தோன்றுவது உண்மையில் ஒன்றாகிவிடாது என்று 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திருத்தம் சொல்லியிருந்தார். பகலில் சூரியன் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் விண்மீன்கள் இல்லாமற்போவதில்லை என்பது அவர் தந்த உவமை. நகரத்தின் ஒரு பக்கத்தில் இவை அரபியிலும் பாரசீகத்திலும் பேசப்பட்டபோது, இராயபுரத்தில் அந்தத் தலைப்பு தமிழில் பாடலாயிற்று.

குணங்குடியாரின் பாடல்களில் முகியித்தீன் சதகமும் ரகுமான் கண்ணியும் இருக்கின்றன. அகத்தீசர் சதகமும் நந்தீஸ்வரக் கண்ணியும் இருக்கின்றன. தாயுமானவர் பாடிய வடிவமான பராபரக் கண்ணியை அவரும் பாடினார். அவருடைய மனோன்மணிக் கண்ணியில் இறைவன் காதலி. பாடுகிறவர் பிரிவால் வாடும் காதலன். பிறப்பும் துணையும் இல்லாதவன் என்று கற்பிக்கப்பட்டவனை ஒரு பெண்பெயரால், அதுவும் தமிழ்ச் சைவ, சாக்த மரபுகள் அம்பிகைக்கு வழங்கிய பெயரால் அழைப்பது முதற்பார்வையில் அதிர்ச்சி தரும். பட்டினத்தார் அடங்கிய திருவொற்றியூர் நடந்து போகும் தூரத்தில் இருக்க, சித்தர்களின் சொற்களஞ்சியம் காற்றிலேயே கலந்திருந்த கரையில் அவர் பாடினார் என்று இலக்கிய வரலாறு இதற்குக் காரணம் சொல்லும். அது உண்மைதான், முழுக் காரணம் இல்லை. கீழக்கரையில் அகீதா படித்தவருக்குப் பெயருக்கும் விவரணைக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் இருந்திருக்காது. மனோன்மணி என்பது அவர் கையில் இறைவனின் உருவத்தைக் கூறவில்லை. அழைக்கிறவரின் தவிப்பைக் கூறுகிறது. இறைவன் பெண் இல்லை என்பதில் அந்தப் பாடகருக்கு இருந்த ஐயமின்மைதான், அவனை அப்படி அழைக்கும் துணிவை அவருக்குத் தந்திருக்க வேண்டும். எதுவும் அவனைப் போல இல்லை என்ற அடித்தளம் உறுதியாக இருக்கும்போது எந்த உவமையும் அவனைச் சிறைப்பிடிக்காது.

அவரைச் சுற்றிக் கூடியவர்களில் முஸ்லிம்கள் மட்டும் இருக்கவில்லை. ஐயாசாமி முதலியார் அவருடைய சீடர். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். திருக்குறளைப் பதிப்பித்த பெரும்புலவர் அவர். சைவப் புலவர் ஒருவர் முஸ்லிம் துறவியைப் பாட்டுடைத் தலைவராக்கியது தமிழ் இலக்கியத்தில் எளிதில் கடந்துபோகத்தக்க செய்தி இல்லை.

அடக்கத்தலம் தர்காவாயிற்று, பல சமயத்தாரும் இன்றும் அங்கே வருகிறார்கள். இங்கேதான் தவ்ஹீத் இயக்கத்தாரின் கடுமையான எதிர்ப்பு எழுகிறது. அழைப்பைக் கேட்பவன் இறைவன் ஒருவனே, அடங்கியவரிடம் கேட்பது இறைத்தன்மையைப் படைப்புக்குப் பங்கு வைப்பதாகும் என்பது அவர்கள் வாதம். இறைநேசரான வலியாரின் பொருட்டால் இறைவனிடமே கேட்கிறோம், கொடுப்பவன் அவன்தான் என்பது மறுதரப்பின் விடை. கோட்பாட்டளவில் இரு தரப்புக்கும் இடையே உள்ள தூரம் மேடைகளில் கேட்பதைவிடக் குறைவு. ஆற்றலும் கேள்வியும் சுயமாக இறைவனுக்கு மட்டுமே உரியவை என்பதை இருவருமே மறுக்கவில்லை. ஆனாலும் எச்சரிக்கை தேவையற்றது என்று சொல்லிவிட முடியாது. தர்காவுக்கு வருகிறவர் எல்லோரும் அகீதா படித்தவர்கள் இல்லை. அதே வேளையில் அந்த எச்சரிக்கையைக் குணங்குடியாரின் பாடல்கள்மேல் திருப்புவது பொருந்தாது. அவர் கேட்டது வரம் இல்லை. செல்வமோ நோய் நீக்கமோ கேட்டு இறைவனைத் தேடியவர் இல்லை அவர். தன் ‘நான்’ அழிந்து இறைவன் மட்டும் எஞ்சும் ஃபனா நிலைக்காகவே அவர் ஏங்கினார். கஸ்ஸாலீ அல்லாஹ் என்ற பெயரில் அடியானுக்கு ஒதுக்கிய பங்கு அதுவே.

தமிழ்ப் பல்கலைக்கழகங்களில் குணங்குடியார் பெரும்பாலும் சித்தர் வரிசையின் கடைசியிலோ சமரசக் கவிஞர் என்ற தலைப்பிலோ வைக்கப்படுகிறார். மதரஸாக்களில் அவர் அநேகமாகப் படிக்கப்படுவதே இல்லை. இரண்டும் அவருக்கு இழைக்கப்படும் அநீதி. முன்னது அவருடைய துணிவுக்கு வெளியே காரணம் தேடுகிறது. பின்னது அந்தத் துணிவைக் கண்டு விலகுகிறது. தமிழ் மாணவருக்கு அவரைக் கற்பிக்கிறவர்கள் 20 ஸிஃபத்துகளையும் கஸ்ஸாலீயின் திருநாம விளக்கத்தையும் முதலில் படிக்க வேண்டும். அகீதா கற்பிக்கும் ஆலிம்கள் ரகுமான் கண்ணியையும் மனோன்மணிக் கண்ணியையும் தங்கள் மாணவர்களோடு அமர்ந்து முழுமையாக ஒருமுறை வாசிக்க வேண்டும்.